கார்பைடு சாணைத் தூள் நுரையீரலுக்குள் போய் என்ன செய்கிறது?

கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தில் ஒருமுறை திருப்பிச் சொல்லிவிடுகிறேன். உங்கள் தம்பி கோவை கணபதி பக்கம் ஒரு டூல் கிரைண்டிங் பட்டறையில் இருக்கிறார். மழுங்கிப்போன டிரில், எண்ட் மில், விடியா டிப் (கார்பைடு வெட்டுமுனை) இவற்றுக்குச் சாணை பிடித்துக் கூர் ஏற்றுவது வேலை. காலையில் துப்பினால் சளி கறுப்பாக வருகிறது. சில மாதங்களாக வறட்டு இருமலும் இருக்கிறது. கேட்டால், "இரும்புத் தூள்தானே அக்கா, உடம்புக்கு இரும்புச் சத்து வேண்டாமா? தினம் ஒரு துண்டு வெல்லம் தின்றால் உள்ளே போனதெல்லாம் இறங்கிவிடும்" என்கிறார். உங்களுக்கு மனசு ஒப்பவில்லை. அதே நேரம், உலோகம் கரையாத, சும்மா கிடக்கிற பொருளாயிற்றே, அது எப்படி ஒரு உயிருள்ள செல்லைக் கெடுக்கும் என்றும் உங்களுக்குப் புரியவில்லை. கேள்வி இதுதான் என்று எடுத்துக்கொள்கிறேன்.

நான் எம்.பி.பி.எஸ். முடித்து, ஆலை மருத்துவர்களுக்கான ஏ.எஃப்.ஐ.எச். பயிற்சி எடுத்து, பல வருடங்களாகக் கம்பெனி டாக்டராக இருப்பவன். பட்டறை, ஃபவுண்டரி, வெல்டிங் ஷாப் எல்லாம் நேரில் பார்த்தவை. செல்லுக்குள் நடப்பதை மற்றவர்கள் ஆய்வகத்தில் கண்டு எழுதியதைப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். உங்கள் தம்பியின் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைக்காமல் அவருக்கு இன்ன நோய் என்று சொல்ல மாட்டேன். சாதாரண ஆஸ்துமாவாகவும் இருக்கலாம், பீடி சிகரெட்டாகவும் இருக்கலாம், டிபியாகவும் இருக்கலாம். ஆனால் அவர் சொல்லும் காரணம் தவறு என்பதை இங்கிருந்தே சொல்ல முடியும். முதலில், அவர் சாணை பிடிப்பதில் பெரும்பகுதி இரும்பே இல்லை.

கறுப்புச் சளியில் இருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் உங்களைப் பயமுறுத்தியது அதுதான். சாணைக் கல்லில் இருந்து தெறிக்கும் பொறி கண்ணுக்குத் தெரிகிறது, அதனால் அதுதான் ஆபத்து என்று தோன்றும். கண்ணுக்குத் தெரிகிற அளவுள்ள எதுவும் நுரையீரலின் அடிவரைக்கும் போகாது. தலைமுடி ஒன்றின் தடிமன் சுமார் 70 மைக்ரான். 10 மைக்ரானுக்கு மேற்பட்ட துகள்கள் பெரும்பாலும் மூக்கிலும் தொண்டையிலும் சிக்கிக்கொள்ளும். அதற்குக் கீழே உள்ளவை மூச்சுக்குழாய் வரை இறங்கும். அங்கே குழாயின் உட்சுவரில் நுண்ணிய மயிர் போன்ற நீட்சிகள் இடைவிடாமல் அசைந்து சளியை மேல்நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கும். அந்தச் சளியில் ஒட்டிய தூளைத்தான் காலையில் உங்கள் தம்பி துப்புகிறார். அது வெளியே வந்துவிட்ட தூள், அதனால் அதைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை. பட்டறைக் காற்றில் தூள் நிறைய இருக்கிறது என்பதற்கு அது சாட்சி, அவ்வளவுதான்.

வெளியே வராததுதான் விஷயம். ஏறத்தாழ 4 மைக்ரானுக்கும் குறைவான துகள்கள், காற்றும் ரத்தமும் வாயு மாற்றிக்கொள்ளும் சிற்றறைகள் வரை போய்விடும். மெஷினை நிறுத்திய பிறகும் வெகுநேரம் காற்றில் மிதப்பவை இவைதான். சிற்றறைகளின் சுவர், ஆக்சிஜன் சட்டென்று கடந்து போவதற்காக மிக மெல்லியதாக அமைந்தது. அங்கே சளியும் கிடையாது, தள்ளிவிடும் மயிர்களும் கிடையாது. காவலுக்கு இருப்பது மேக்ரோஃபேஜ் என்கிற விழுங்கி செல்கள் மட்டுமே. கிருமியோ, தூளோ, புகைக்கரியோ, கண்ணில் பட்டதை விழுங்குவது அவற்றின் வேலை.

"கரையாத உலோகம்" என்ற உங்கள் வாதம் இங்கேதான் உடைகிறது. விழுங்கிய துகளை அந்த செல் லைசோசோம் என்ற சிறு பைக்குள் அனுப்பும். அந்தப் பைக்குள் அமிலம் இருக்கிறது, அமிலத்தன்மை பி.எச். 4.5 முதல் 5 வரை. கிருமியைச் செரிப்பதற்கான ஏற்பாடு அது. தண்ணீரில் அசையாமல் கிடக்கும் உலோகங்களில் பல இந்த அமிலத்தில் மெல்ல மெல்லக் கரைந்து அயனியாக மாறும். இதே உலோகம் கரைசலாக வெளியே இருந்திருந்தால் செல் தன் சவ்வில் உள்ள வாயில்கள் வழியே கொஞ்சம் கொஞ்சமாகத்தான் உள்ளே விட்டிருக்கும். துகளாக வந்ததால் மொத்தமாகத் தானே தூக்கி உள்ளே வைத்துக்கொண்டுவிட்டது. ஒரு மைக்ரான் நீள அகல உயரமுள்ள கோபால்ட் துணுக்கில் எத்தனை அணுக்கள் என்று கணக்குப் போட்டால் சுமார் 9,000 கோடி வருகிறது. அதில் சிறு பங்கு கரைந்தாலே செல்லுக்கு அது வெள்ளம்.

இரும்பு உள்ளே கரைந்தால் என்ன ஆகும்? பெரியவர் ஒருவர் உடம்பில் மொத்தம் 3 முதல் 4 கிராம் இரும்பு இருக்கிறது. அது இல்லாவிட்டால் பிழைக்க முடியாது என்பதில் தம்பி சொல்வது சரி. ஆனால் உடம்பு அந்த இரும்பைச் சும்மா அலையவிடுவதில்லை. ரத்தத்தில் ஒரு புரதம் பிடித்துக்கொண்டு நடக்கும். செல்லுக்குள் ஃபெரிட்டின் என்ற புரதம் ஒரு கூட்டுக்குள் 4,500 இரும்பு அணுக்கள் வரை பூட்டி வைக்கும். இவ்வளவு கட்டுக்காவல் ஏன் என்பதற்கு விடை 1894-ல் ஃபென்டன் என்ற ஆங்கிலேய வேதியியலாளர் எழுதிய ஒரு வினையில் இருக்கிறது. இரும்பும் ஹைட்ரஜன் பெராக்சைடும் சந்தித்தால் மிகக் கடுமையான ஆக்சிஜனேற்றம் நடக்கும் என்று அவர் கண்டார். அதில் பிறப்பது ஹைட்ராக்சில் ராடிக்கல் என்ற, எதோடும் உடனே வினைபுரியும் மூலக்கூறுத் துண்டு என்பது பின்னாளில் தெரிந்தது. ஹைட்ரஜன் பெராக்சைடை வெளியில் இருந்து யாரும் ஊற்ற வேண்டாம். செல் மூச்சு விடுவதன் உபவிளைவாகச் சிறிதளவு எப்போதும் உள்ளே உருவாகிக்கொண்டே இருக்கிறது. ஹைட்ராக்சில் ராடிக்கல் நானோ விநாடிக் கணக்கில்தான் உயிரோடு இருக்கும், அதற்குள் பக்கத்தில் எது இருக்கிறதோ அதைத் தாக்கிவிடும். கொழுப்புச் சவ்வு இருந்தால் சவ்வு, புரதம் இருந்தால் புரதம், டிஎன்ஏ இருந்தால் டிஎன்ஏ. கொழுப்புச் சவ்வில் பட்டால் ஒன்றோடு நிற்காது. ஒரு மூலக்கூறு கெட்டு அடுத்ததைக் கெடுத்து, சங்கிலியாகப் போகும்.

இத்தனைக்கும் வெறும் இரும்பு ஆக்சைடு தூள், உலோகத் தூள்களில் சாதுவான பக்கத்தைச் சேர்ந்தது. அது மெதுவாகத்தான் கரையும், கரைந்ததையும் மேக்ரோஃபேஜ்கள் பெருமளவு பூட்டிவைத்துவிடுகின்றன. வருடக்கணக்காக வெல்டிங் செய்தவர்களின் எக்ஸ்ரேயில் நுரையீரல் முழுக்கப் புள்ளி புள்ளியாகத் தெரியும் என்பதை 1936-ல் இங்கிலாந்தில் பதிவு செய்தார்கள். சிடரோசிஸ் என்று பெயர். இரும்பு எக்ஸ்ரே கதிரை மறைப்பதால் படம் பயங்கரமாக இருக்கும், ஆள் படியேறி வந்து சாதாரணமாகப் பேசுவார். வேலையை விட்ட சிலருக்கு அந்தப் புள்ளிகள் வருடங்கள் கழித்து மங்கிப் போனதும் பதிவாகியிருக்கிறது. ஆகவே இரும்பு மட்டும்தான் என்றால் தம்பியின் அலட்சியத்தில் பாதி நியாயம் இருக்கிறது.

ஆனால் விடியா டிப் இரும்பு அல்ல. டங்ஸ்டன் கார்பைடு தூளைக் கோபால்ட் தூளோடு கலந்து அழுத்தி, சூளையில் சுட்டு எடுக்கும் கட்டி அது. கோபால்ட்தான் அதில் பசை. எந்த வேலைக்கான டூல் என்பதைப் பொறுத்து 3 முதல் 25 சதவீதம் வரை இருக்கும். 1920-களின் பிற்பகுதியில் ஜெர்மனியில் க்ருப் நிறுவனம் விடியா என்ற பெயரில் விற்கத் தொடங்கியது, அந்தப் பெயர் நம் ஊர் லேத் பட்டறைகளில் இன்றும் எல்லாக் கம்பெனி கார்பைடுக்கும் பொதுப்பெயராக நிற்கிறது. அது சந்தைக்கு வந்து பதினைந்து வருடம் ஆவதற்குள், 1940-ல், அதே ஜெர்மனியில் கார்பைடு தொழிலாளர்களின் நுரையீரல் படங்களில் மாற்றம் தெரிவதாக மருத்துவர்கள் எழுதிவிட்டார்கள். இன்று அதற்குக் கடின உலோக நுரையீரல் நோய் என்று பெயர்.

இந்த நோயில் என்னை இன்றும் யோசிக்க வைக்கும் ஒரு விஷயம் உண்டு. டங்ஸ்டன் கார்பைடை மட்டும் தனியே எலிகளின் நுரையீரலில் செலுத்தினால் பெரிதாக ஒன்றும் ஆவதில்லை. கோபால்ட் தூளை மட்டும் அதே அளவு செலுத்தினால் கொஞ்சம் கெடுதி. இரண்டையும் கலந்து செலுத்தினால் கெடுதி பல மடங்கு. பெல்ஜியத்தில் லூவேன் பல்கலைக்கழகக் குழு ஒன்று 1990-களில் இதன் காரணத்தைத் துருவிப் பார்த்தது. அவர்கள் சொன்ன விளக்கம் சுருக்கமாக இது: கோபால்ட் எலக்ட்ரானை எளிதில் விட்டுக்கொடுக்கும், ஆனால் ஆக்சிஜனிடம் நேரடியாகக் கொடுப்பதில் மந்தம். கார்பைடு மின்சாரம் கடத்தும் பொருள். இரண்டும் ஒட்டிக்கொண்டிருக்கும்போது எலக்ட்ரான் கோபால்டில் இருந்து கார்பைடுக்கு ஓடுகிறது, அங்கே மேற்பரப்பில் நிற்கும் ஆக்சிஜன் அதை வாங்கிக்கொண்டு ராடிக்கலாக மாறுகிறது. எலக்ட்ரானை இழந்த கோபால்ட் வேகமாகக் கரைகிறது. ஈரத்தில் செம்புக் குழாயோடு ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாயை நேரடியாக இணைத்தால் ஜி.ஐ. சீக்கிரம் அரித்துப்போகும் என்று எந்த பிளம்பரைக் கேட்டாலும் சொல்வார், அதே சங்கதிதான் மைக்ரான் அளவில் செல்லின் பக்கத்தில் நடக்கிறது. ஒவ்வொரு துகளும் ஒரு சின்ன பேட்டரி.

இந்த விளக்கம் எனக்கு ஏற்புடையது. ஆனால் முழுக் கதை இதுதான் என்று சொல்ல முடியாது. அதே பெல்ஜியத்தில் வைரம் பட்டை தீட்டுபவர்களுக்கு இதே நோய் வந்ததாக 1980-களில் அறிக்கை வந்தது. அவர்கள் பயன்படுத்திய தட்டில் நுண்ணிய வைரத் துகளும் கோபால்டும் இருந்தன, டங்ஸ்டன் கார்பைடு இல்லை. ஆகவே கோபால்ட்தான் முதல் குற்றவாளி, கார்பைடு கூட்டாளி என்பதுவரை உறுதி. கூட்டாளி இல்லாமலும் சிலருக்கு ஏன் வருகிறது என்பது முழுமையாகத் தீர்ந்த கணக்கு அல்ல.

பிறகு நடப்பதைத் தொடர்ந்து சொல்கிறேன். ராடிக்கல்கள் லைசோசோமின் சவ்வைக் கிழித்தால் உள்ளே இருந்த அமிலமும் செரிமான நொதிகளும் செல்லுக்குள்ளேயே கொட்டும். செல் இறக்கும், இறக்கும்போது அது விழுங்கியிருந்த துகள் மறுபடி வெளியே விழும். அடுத்த மேக்ரோஃபேஜ் வந்து அதை விழுங்கும். ஒரே துகள் இப்படிப் பல செல்களைக் கடந்து போகும். இறக்கும் செல்கள் விடும் ரசாயனச் செய்திகளைக் கேட்டு ரத்தத்தில் இருந்து வெள்ளணுக்கள் வந்து குவியும், அவை கிருமி என்று நினைத்து இன்னும் பெராக்சைடைக் கக்கும். இந்த அழற்சி ஓயாமல் நீடித்தால் நார் செல்கள் பெருகிக் கொலாஜன் என்ற நார்ப் புரதத்தைப் போட்டு அந்த இடத்தைத் தழும்பாக்கிவிடும். மெல்லிய சுவர் தடித்துவிட்டால் ஆக்சிஜன் கடப்பது கஷ்டம். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவது அதனால்தான். கடின உலோக நோயில் இதற்கு மேல் ஒரு விசேஷமும் உண்டு. மேக்ரோஃபேஜ்கள் ஒன்றோடொன்று கலந்து, பல உட்கருக்கள் கொண்ட ராட்சச செல்களாக மாறி, பக்கத்து செல்களையே விழுங்கிக்கொண்டு நிற்கும். நுரையீரலைக் கழுவி எடுத்த நீரில் அப்படிப்பட்ட செல்களை மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டால் நோயியல் மருத்துவர் அநேகமாக அடுத்த கேள்வியாக "கார்பைடு வேலையா?" என்றுதான் கேட்பார்.

கோபால்ட் அயனிக்கு இன்னொரு தந்திரமும் தெரியும். ஆக்சிஜன் போதுமா என்று செல் தன்னைத்தானே சோதித்துக்கொள்ள ஒரு நொதி வைத்திருக்கிறது, அது வேலை செய்ய இரும்பு வேண்டும். கோபால்ட் புகுந்தால் அந்த நொதி முடங்கிவிடுகிறது. விளைவு, ஆக்சிஜன் தாராளமாக இருக்கும்போதே செல் மூச்சுத் திணறலில் இருப்பதாக நினைத்து அதற்கான மரபணுக்களை முடுக்கிவிடும். இது இவ்வளவு நம்பகமாக நடப்பதால் ஆய்வகங்களில் ஆக்சிஜன் பற்றாக்குறையை நடிக்க வைப்பதற்கே கோபால்ட் குளோரைடு போடுகிறார்கள். பி12 வைட்டமினுக்குள் கோபால்ட் இருக்கிறதே, அதுவும் சத்துதானே என்று தம்பி அடுத்துக் கேட்கலாம். இருக்கிறது, வைட்டமினின் நடுவில் இறுகப் பூட்டப்பட்ட ஒற்றை அணுவாக. பூட்டு இல்லாத கோபால்ட் உப்பை நுரை நிற்பதற்காகக் கனடாவின் கியூபெக் நகரில் பீரில் சேர்த்தபோது, 1965-66-ல் அதை அதிகம் குடித்தவர்கள் இதயத் தசை கெட்டு இறந்தார்கள்.

மற்ற உலோகங்களை ஓட்டமாகச் சொல்லிவிடுகிறேன், இதைப் படிக்கும் வேறு யாருக்காவது உதவும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வெல்டிங்கிலும் குரோம் பிளேட்டிங்கிலும் வரும் ஆறு இணைதிறன் குரோமியம், செல்லுக்குச் சல்ஃபேட் போலத் தோற்றமளிப்பதால் அதன் வாயில் வழியாகவே உள்ளே போய் டிஎன்ஏ-வில் ஒட்டிக்கொள்கிறது. அது நுரையீரல் புற்றுநோய் தரும் என்பதில் சந்தேகமே இல்லை, நிக்கல் சேர்மங்களும் அப்படியே. ஜி.ஐ. பைப்பை வெல்டிங் செய்த இரவு குளிரும் காய்ச்சலும் வருவது துத்தநாகப் புகையால். ஓரிரு நாளில் தானாகப் போய்விடும். அதற்குப் பால் குடிக்கும் வழக்கம் வெல்டர்களிடம் உண்டு, பால் வயிற்றுக்குப் போகிறது, புகை போனது நுரையீரலுக்கு. மாங்கனீஸ் நுரையீரலைவிட மூளையைத் தேடிப் போகும். ஃபவுண்டரியில் வேலை செய்பவர்கள் உலோகத்தைவிட மணலுக்கே அதிகம் பயப்பட வேண்டும். சிலிக்கா தூள் தரும் தழும்பு தனி நோய், அது டிபியையும் கூடவே அழைத்து வரும்.

தம்பியின் பட்டறைக்கு வருகிறேன். டூல் கிரைண்டிங் மெஷின் ஓடும்போது கல்லின் மேல் கூலன்ட் கொட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். வெள்ளையாக, நீர்மோர் மாதிரி இருக்கும். தண்ணீர் ஊற்றிச் செய்வதால் தூள் பறக்காது என்று எல்லாரும் நிம்மதியாக இருப்பார்கள். தூள் குறைவது உண்மைதான். ஆனால் அந்தக் கூலன்ட் தொட்டியில் விழுந்து, பம்ப் ஏறி, மறுபடி அதே கல்லில் கொட்டுகிறது. மாதக்கணக்கில் மாற்றாமல் ஓட்டினால் கார்பைடில் உள்ள கோபால்ட் அதில் கரைந்து சேர்ந்துகொண்டே போகும், வேகமாகச் சுற்றும் கல் அதைப் பனித்துளி போலக் காற்றில் சிதறடிக்கும். அப்போது கோபால்ட் ஏற்கெனவே கரைந்த நிலையில் நுரையீரலுக்குப் போகிறது. இதை 1980-லேயே ஸ்வீடனில் இருந்து எழுதிவிட்டார்கள். கூலன்ட் வாடை அடிக்கிறது என்றால், தொட்டியின் அடியில் சாம்பல் நிறச் சேறு படிந்திருக்கிறது என்றால், எப்போது கடைசியாக மாற்றினீர்கள் என்று தம்பியைக் கேட்கச் சொல்லுங்கள். மாலையில் மெஷினையும் சட்டையையும் ஏர் கன்னால் ஊதித் தட்டிவிட்டு வீட்டுக்குக் கிளம்பும் பழக்கம் அதைவிட மோசம். நாள் முழுக்கப் படிந்த நுண்தூளை ஐந்து நிமிடத்தில் மூச்சு மட்டத்துக்குக் கிளப்பிவிடுகிறது.

"இருபது வருஷமா இதே வேலை செய்யும் அண்ணனுக்கு ஒன்றும் ஆகவில்லையே" என்ற பதில் நிச்சயம் வரும். அது உண்மையாகவே இருக்கும். இந்த நோய், எவ்வளவு தூளோ அவ்வளவு கேடு என்று நேர்கோட்டில் போவதில்லை. வருடக்கணக்கில் வேலை செய்தும் ஒன்றும் ஆகாதவர்கள் பெரும்பான்மை, குறைந்த காலத்திலேயே மூச்சு கெட்டுப் போனவர்களும் உண்டு. நோய் எதிர்ப்பு மரபணுக்களில் ஒன்றில் குறிப்பிட்ட ஓர் அமினோ அமிலம் மாறியிருப்பவர்களிடம் இது அதிகம் காணப்படுவதாக 1990-களில் கண்டார்கள். பெரிலியம் என்ற உலோகத்தின் தூளால் வரும் நோயிலும் அதே மரபணுதான். ஆனால் அதைப் பரிசோதித்து ஒருவரைப் பட்டறைக்குள் விடலாமா வேண்டாமா என்று முடிவு செய்யும் அளவுக்கு அந்தத் தொடர்பு துல்லியமானது அல்ல.

புற்றுநோய் பற்றி நீங்கள் கேட்கவில்லை, மனதில் இருக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை கோபால்ட் கலந்த டங்ஸ்டன் கார்பைடை 2006-ல் "அநேகமாகப் புற்றுநோய் தரக்கூடியது" என்ற வகையில் வைத்தது. வெல்டிங் புகை 2017-ல் உறுதியான வகைக்கே போய்விட்டது. கார்பைடு விஷயத்தில் தொழிலாளர்களிடம் நடந்த ஆய்வுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை, ஆகவே அந்த "அநேகமாக" என்ற சொல்லை நான் அப்படியே வைத்துக்கொள்கிறேன். இன்னொரு எச்சரிக்கையும் தேவை. இணையத்தில் தேடினால் "உலோகத் துகள் மனித செல்லைக் கொன்றது" என்று ஆயிரம் ஆய்வுகள் வரும். அவற்றில் பல, தட்டில் வளர்த்த செல்களின் மேல் ஒரே நாளில் தூளைக் கொட்டிப் பார்த்தவை. அந்த செல்களும் பெரும்பாலும் புற்றுக்கட்டியில் இருந்து எடுத்து வளர்க்கப்பட்ட வகைகள். எந்த வழியில் சேதம் நடக்கிறது என்பதை அறிய அவை உதவும். பட்டறையில் எத்தனை வருடத்தில் எத்தனை பேருக்கு நோய் வரும் என்பதற்கு அவற்றில் விடை தேடக் கூடாது.

வெல்லத்துக்கு வருவோம். பஞ்சாலைகளிலும் சுண்ணாம்புக் காளவாய்களிலும் இருந்த பழைய வழக்கம் இது, கேலி செய்ய மாட்டேன். லக்னோவில் உள்ள தொழில் நச்சியல் ஆய்வு மையத்தில் எலிகளுக்கு நிலக்கரித் தூளும் சிலிக்காவும் நுரையீரலில் செலுத்தி, வெல்லம் கொடுத்துப் பார்த்து, 1994-ல் வெளியிட்டார்கள். வெல்லம் தின்ற எலிகளில் தூள் நுரையீரலில் இருந்து நிணநீர் முடிச்சுகளுக்கு நகர்வது அதிகமாக இருந்ததாகக் கண்டார்கள். சுவாரசியமான முடிவுதான். ஆனால் அது எலி, நிலக்கரி. கார்பைடு தூளுக்கோ மனிதருக்கோ அதை நீட்டிக்க ஆதாரம் கிடையாது. நிணநீர் முடிச்சுக்குப் போன தூள் உடம்பைவிட்டு வெளியே போனதாகவும் ஆகாது. பிடித்தால் தின்னட்டும், சர்க்கரை நோய் இல்லையென்றால். மாஸ்க்குக்குப் பதிலாக வேண்டாம்.

இப்போது செய்ய வேண்டியது. நெஞ்சுநோய் மருத்துவரிடம் போகும்போது "இருமல்" என்று மட்டும் சொல்லாமல், கார்பைடு டூல் சாணை பிடிக்கிறேன், கோபால்ட் தூள் படுகிறது, இத்தனை வருடம் என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லச் சொல்லுங்கள். நம் ஊரில் நெஞ்சுப் படத்தில் புள்ளி தெரிந்தால் முதலில் டிபியை நினைப்பது சரியான பழக்கம்தான், சளிப் பரிசோதனை கட்டாயம் செய்ய வேண்டும். ஆனால் சளியில் கிருமி இல்லாதபோது வேலை விவரம் தெரியாத மருத்துவர் டிபி மாத்திரையிலேயே ஆறு மாதம் ஓட்டிவிட வாய்ப்பு உண்டு. சிடரோசிஸுக்கு நேர்மாறாக, கடின உலோக நோயின் ஆரம்பத்தில் சாதாரண எக்ஸ்ரே நன்றாகவே இருக்கலாம். ஆகவே எக்ஸ்ரே நார்மல் என்று திரும்பி வந்துவிடாமல், குழாயில் ஊதி மூச்சின் அளவைப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரியும், வாயு கடக்கும் திறனை அளக்கும் டி.எல்.சி.ஓ. சோதனையும், தேவையென்றால் நுரையீரலை நுணுக்கமாகக் காட்டும் ஹெச்.ஆர்.சி.டி. ஸ்கேனும் கேளுங்கள். சிறுநீரில் கோபால்ட் அளவு பார்க்கலாம், வாரக் கடைசி ஷிஃப்ட் முடிந்ததும் எடுக்க வேண்டும். அது சமீபத்தில் எவ்வளவு உள்ளே போனது என்பதைச் சொல்லும், நோய் இருக்கிறதா என்று சொல்லாது. இன்னொன்றைக் காசு இல்லாமலே கவனிக்கலாம்: ஞாயிற்றுக்கிழமையும் பண்டிகை லீவிலும் இருமல் குறைந்து, வேலைக்குப் போனதும் திரும்புகிறதா? அப்படியென்றால் கோபால்ட் ஆஸ்துமாவாகவும் இருக்கலாம்.

கடின உலோக நோய்தான் என்று தெரிந்தால் மருந்தைவிட முக்கியமானது அந்தத் தூளைவிட்டு விலகுவது. ஆரம்பத்தில் விலகியவர்கள் பலருக்கு நுரையீரல் தேறியிருக்கிறது, ஸ்டீராய்டு சிலருக்கு உதவியிருக்கிறது. தழும்பாகிவிட்ட பகுதி திரும்பாது. தேறிவிட்டதே என்று அதே மெஷினுக்குத் திரும்பியவர்களுக்கு நோயும் திரும்பியிருக்கிறது. வேலையை விடு என்று சொல்வது எளிது, கைத்தொழில் தெரிந்த ஆளுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும். அதே பட்டறையில் சி.என்.சி. பக்கமோ, இன்ஸ்பெக்‌ஷன் பக்கமோ மாற முடிந்தால் முதலில் அதைக் கேட்டுப் பார்க்கட்டும்.

சோதனை முடிவு வரும்வரை அவர் மெஷினில் நிற்கத்தான் போகிறார் என்றால், கைக்குட்டையும் துணி மாஸ்க்கும் இந்த அளவுத் தூளுக்கு உதவாது. முகத்தில் இடைவெளி இல்லாமல் பொருந்தும் என்95, அதைவிட நல்லது ஃபில்டர் மாற்றக்கூடிய அரை முக ரெஸ்பிரேட்டர். தாடி இருந்தால் இரண்டுமே கசியும். கல்லுக்குப் பக்கத்திலேயே தூளையும் கூலன்ட் பனியையும் இழுத்துக்கொள்ளும் உறிஞ்சு குழாய் வைப்பது எந்த மாஸ்க்கையும்விட மேல், ஓனர் செலவு செய்ய வேண்டியது அதற்குத்தான். ஏர் கன்னுக்குப் பதில் வேக்யூம், ஈரத்துணி. வேலைச் சட்டையைப் பட்டறையிலேயே மாற்றிவிட்டு வரட்டும், துவைக்கும்போது நீங்கள் உதறாமல் நேரே தண்ணீரில் போடுங்கள்.

கடைசியாகச் சட்டம். கடின உலோகங்களால் வரும் நுரையீரல் நோய், 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையிலும் இ.எஸ்.ஐ. சட்டத்தின் அட்டவணையிலும் தொழில்சார் நோயாகப் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருந்தது; 2025 நவம்பரில் அவற்றின் இடத்துக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையிலும் அது இருக்கிறது. தம்பிக்கு இ.எஸ்.ஐ. கார்டு இருந்தால் முதல் பரிசோதனையே அங்கே பதிவாகட்டும், ஓ.பி. சீட்டில் வேலை விவரத்தை எழுதச் சொல்லி வாங்குங்கள். கார்டு இல்லையென்றால் சம்பளச் சீட்டு, வருகைப் பதிவு, ஐ.டி. கார்டு, எது இருந்தாலும் இப்போதே ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். டி.எல்.சி.ஓ. ரிப்போர்ட் வந்ததும், பெயரை மறைத்து எண்களை மட்டும் இங்கே போட்டால் அதை எப்படிப் படிப்பது என்று சொல்கிறேன்.